பங்களா பிறந்தது ஆற்றங்கரைக் குடிசையில்!

"அவனுக்கென்ன, காரும் பங்களாவுமாக வாழ்கிறான்!"

யாராவது நாலு காசு சேர்த்துவிட்டால் நம் ஊர்ப்பக்கம் இப்படித்தான் சொல்வார்கள். பங்களா என்றால் பணக்காரர் வீடு. சுற்றிலும் தோட்டம், முன்னால் போர்ட்டிகோ, வாசலில் வாட்ச்மேன், இரும்புக் கதவில் "நாய்கள் ஜாக்கிரதை" என்று ஒரு போர்டு. சினிமாவில்கூட கதாநாயகி பங்களாவிலும் கதாநாயகன் குடிசையிலும் இருப்பதுதான் வழக்கம்.

ஆனால் அந்தப் பங்களாவே ஒரு காலத்தில் குடிசைதான் என்றால் நம்ப முடிகிறதா?

உண்மை அதுதான். "பங்களா" என்ற சொல்லுக்கு "வங்காளத்தைச் சேர்ந்தது" என்று பொருள். வங்காளத்துக் குடியானவர்களும் மீனவர்களும் மூங்கிலாலும் வைக்கோலாலும் போட்டுக்கொண்ட எளிய குடிசைக்கு வெளியூர்க்காரர்கள் வைத்த பெயர் அது. அந்தக் குடிசைக்கு உருவம் கொடுத்தது ஆறு. அதை வங்காளத்திலிருந்து ஆக்ராவுக்கும், பாட்னாவுக்கும், கான்பூருக்கும் கொண்டுபோனதும் ஆற்றுப் பாதைதான்.

கல் கிடைக்காத பூமி

கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையிலிருந்து அள்ளிக்கொண்டு வரும் வண்டலைக் கொட்டிக் கொட்டி உண்டாக்கிய நிலம் வங்காளம். உலகத்திலேயே மிகப் பெரிய டெல்டா அது. இந்தியாவின் மேற்கு வங்காளத்திலும் வங்காள தேசத்திலுமாக அது பரந்து கிடக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்களைப் பார்த்தவர்களுக்கு வண்டல் பூமி எப்படி இருக்கும் என்று தெரியும். அதைப் போலப் பல மடங்கு பெரியது என்று நினைத்துக்கொள்ளலாம்.

இந்த டெல்டாவில் எங்கு தோண்டினாலும் மண்தான். வீடு கட்டக் கல் கிடையாது. ஆறு கொடுப்பது மூன்றே பொருள்கள்: களிமண், மூங்கில், நெல் வைக்கோல். இந்த மூன்றையும் வைத்துத்தான் வீடு கட்டியாக வேண்டும். அதுவும் எப்படிப்பட்ட இடத்தில்? ஆண்டுதோறும் வெள்ளம் வரும் இடத்தில். ஆனி, ஆடி மாதங்களில் மழை கொட்டு கொட்டென்று கொட்டும் இடத்தில்.

வங்காளத்துக் குடியானவர் இதற்கு ஒரு வழி கண்டார். முதலில் ஒரு குளம் வெட்டுவார். வெட்டிய மண்ணை அருகிலேயே மேடாகக் குவித்து, மிதித்து, இறுகச் செய்வார். மேட்டின் மேல் வீடு, பள்ளத்தில் தண்ணீர். குளத்தில் மீன் வளரும், துணி துவைக்கலாம், குளிக்கலாம். வெள்ளம் வந்தால் வயல் மூழ்கும், வீட்டு மேடு தீவு போலத் தலை நீட்டிக்கொண்டு நிற்கும்.

இந்த மேட்டுக்கு வங்காளியில் "பிட்டே" என்று பெயர். பாட்டன் முப்பாட்டன் குவித்த மண் என்பதால் அதன் மேல் அவர்களுக்கு அப்படி ஒரு பாசம். குடிசை சரிந்தால் வேறு போட்டுக்கொள்ளலாம். பிட்டே போனால் எல்லாம் போனதாக அர்த்தம்.

கூரை ஏன் வளைந்தது?

அடுத்தது கூரை. நம் ஊர்க் குடிசையில் மோட்டுவளை நேராக இருக்கும். வங்காளக் குடிசையில் அது வில்லைப் போல வளைந்திருக்கும். நடுவில் உயர்ந்து, இரண்டு பக்கமும் தாழ்ந்து, பார்ப்பதற்குக் கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி தெரியும். வங்காள ஆறுகளில் ஓடும் படகுகளின் மேல் போடும் மூங்கில் பாய்க் கூண்டும் ஏறக்குறைய இதே வடிவம்தான்.

மூங்கில் வளையும் பொருள். அதை இழுத்து வளைத்துக் கட்டினால் விறைப்பாக நிற்கும். வளைந்த கூரையில் மழைநீர் தேங்காமல் சரசரவென்று வழிந்து ஓடிவிடும். ஓரங்களில் இறவாணம் நன்றாகக் கீழே இறங்கியிருப்பதால் மண்சுவரில் சாரல் அடிக்காது. அந்த இறவாணத்தின் நிழலில் வீட்டின் முன்னால் ஒரு மேடை உண்டு. வங்காளியில் அதற்கு "தாவா" என்று பெயர். நம் ஊர்த் திண்ணையேதான்! விருந்தாளி உட்காருவதும், வலை பின்னுவதும், வயதானவர்கள் படுத்துக் கிடப்பதும் அங்கேதான்.

இரண்டு பக்கம் சரிந்த கூரையைத் "தோ-சாலா" என்பார்கள். நாலு பக்கமும் சரிந்தால் "சார்-சாலா". அதன் மேல் இன்னொரு சிறிய நாலு பக்கக் கூரை ஏறினால் "ஆட்-சாலா". இரண்டு குடிசைகளை ஒட்டிக் கட்டினால் "ஜோர்-பங்களா", அதாவது ஜோடிப் பங்களா.

ஒரே வங்காளத்திற்குள்ளும் ஆற்றுக்கு ஏற்றபடி வீடு மாறும். மேற்கே பீர்பூம், பாங்குரா பக்கம் மண் சிவந்து கெட்டியாக இருக்கும், வெள்ளமும் குறைவு. அங்கே தடித்த மண்சுவர் எழுப்பி மாடி வீடுகூடக் கட்டுகிறார்கள். கிழக்கே ஆறுகள் பின்னிக் கிடக்கும் ஈர நிலத்தில் மண்சுவர் ஒரு வெள்ளத்தில் கரைந்துவிடும். அதனால் மூங்கில் தட்டிச் சுவர். இன்னும் தெற்கே சுந்தரவனத்து உப்புக் கழிகளில் தென்னங்கீற்று மாதிரி நீண்ட "கோல்பாத்தா" ஓலை கிடைக்கும். அங்கே வைக்கோலுக்குப் பதில் அந்த ஓலை கூரையேறும்.

மூங்கில் குறைவாக உள்ள ஊருக்கும் ஆறே அதைக் கொண்டுவந்து சேர்த்தது. மலைக்காடுகளில் வெட்டிய மூங்கிலைக் கட்டுக்கட்டாகப் பிணைத்துத் தெப்பமாக்கி ஆற்றில் விடுவார்கள். அசாமின் பராக் ஆற்றிலும் திரிபுராவின் கோமதி ஆற்றிலும் இப்படி மூங்கில் தெப்பங்கள் மிதந்து வருவது பழைய வழக்கம். வண்டிக்கூலி இல்லை, மாடு தேவையில்லை. ஆறு போகும் இடமெல்லாம் மூங்கில் போகும். மூங்கில் போன இடமெல்லாம் மூங்கில் வீடும் போகும்.

மன்னர்களும் மயங்கினார்கள்

ஏழையின் குடிசைதானே என்று அரசர்கள் இந்தக் கூரையை அலட்சியம் செய்யவில்லை. கோயில் கட்டும்போதும் மசூதி கட்டும்போதும் அதே வளைவை வைத்துக் கட்டினார்கள். கல் இல்லாததால் ஆற்று வண்டலைச் சுட்டுச் செங்கலாக்கி, அந்தச் செங்கல்லாலேயே கூரையையும் வளைத்தார்கள்.

பாங்குரா மாவட்டத்தில் உள்ள விஷ்ணுபூரில் மல்ல மன்னர்கள் ஆண்டார்கள். அங்கே 1655-ல் ரகுநாத் சிங் என்ற மன்னர் எழுப்பிய ஜோர்-பங்களா கோயில் இன்றும் இருக்கிறது. இரண்டு குடிசைகளை ஒட்டவைத்தது போன்ற உருவம். சுவர் முழுக்கச் சுடுமண் சிற்பங்கள். ராமாயண, பாரதக் காட்சிகளோடு படகுகளும் வேட்டையும் அதில் உண்டு.

மால்டா மாவட்டத்தில் உள்ள கௌர் நகரம் ஒரு காலத்தில் வங்காள சுல்தான்களின் தலைநகரம். கங்கையை நம்பி வளர்ந்த ஊர். கங்கை தன் பாதையை மாற்றிக்கொண்டு தள்ளிப் போனது. 1575-ல் கொள்ளை நோயும் வந்து அந்த நகரத்தை அழித்தது. இன்று அது இடிபாடுகளின் ஊர். அந்த இடிபாடுகளுக்கு நடுவே ஃபத்தே கான் கல்லறை என்று ஒரு சிறு கட்டடம் நிற்கிறது. முழுக்கச் செங்கல். ஆனால் உருவம் அப்படியே தோ-சாலாக் குடிசை!

கொல்கத்தாவில் இருப்பவர்கள் இதற்காக மால்டா வரை போக வேண்டியதில்லை. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் காளிகாட் காளி கோயிலுக்கு அடிக்கடி போவது வழக்கம். அடுத்த முறை போகும்போது தலையை நிமிர்த்தி மேலே பார்க்கலாம். நம் ஊர்க் கோபுரம் போல அடுக்கடுக்காக எழாமல், வளைந்த கூரை ஒன்றின் மேல் இன்னொன்றாக இரண்டு அடுக்கு இருக்கும். 1809-ல் கட்டி முடித்த கோயில் அது. அருகில் ஓடும் ஆதி கங்கை, கங்கையின் பழைய வழி என்று சொல்லப்படுகிறது.

யமுனைக் கரையில் பொன்கூரை

வங்காளத்தை மொகலாயர் பிடித்த பிறகு அங்கே போன தளபதிகளும் கவர்னர்களும் இந்தக் கூரையைக் கண்டார்கள். அக்பரின் தளபதி ராஜா மான்சிங் 1595-ல் கங்கைக் கரையில் உள்ள ராஜ்மஹாலைத் தலைநகராக்கினார். படையும் வரிப்பணமும் அரசாங்கக் கடிதங்களும் கங்கை வழியாகவே மேலும் கீழும் போய்வந்தன. அவற்றோடு கூரையின் வடிவமும் மேற்கே பயணம் செய்தது.

ஆக்ரா கோட்டைக்குப் போனவர்கள் ஷாஜஹான் கட்டிய காஸ் மஹாலைப் பார்த்திருப்பார்கள். அதன் இரண்டு பக்கமும் யமுனையைப் பார்த்தபடி இரண்டு மண்டபங்கள் உண்டு. பொன்முலாம் பூசிய செப்புக் கூரை. அந்தக் கூரை வில்லாக வளைந்திருக்கும். பாதுஷா அவற்றுக்கு வைத்த பெயரும் "பங்களா"தான்! டெல்லி செங்கோட்டையில் திவானி ஆமில் பாதுஷா உட்கார்ந்த மேடைக்கு மேலே உள்ள சலவைக்கல் விதானமும் அதே வளைவு. ராஜஸ்தானத்து அரண்மனைகளிலும் இதே கூரையைக் காணலாம்.

வைக்கோல் கூரை பொன் கூரையாயிற்று. மண்சுவர் சலவைக்கல் சுவராயிற்று. மழைநீர் வழிவதற்காக உண்டான வளைவு, மழை குறைந்த ராஜஸ்தானத்தில் வெறும் அழகுக்காக நின்றது.

கம்பெனிக்காரர்களின் கொட்டகை

பிறகு வந்தார்கள் வெள்ளைக்காரர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியார் கங்கையின் கிளையான ஹூக்ளி ஆற்றங்கரையில் கிடங்கு வைத்து வியாபாரம் செய்தார்கள். மாலுமிகளும் படகு ஆட்களும் தங்க இடம் வேண்டும். அவசரத்திற்கு என்ன கட்டுவது? உள்ளூர் ஆட்கள், உள்ளூர் மூங்கில், உள்ளூர் வைக்கோல். சில நாட்களில் குடிசை தயார்!

கம்பெனி அதிகாரி ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் 1676-ல் வங்காளக் கிடங்குகளைச் சோதனையிடப் போனார். கம்பெனியின் படகு ஆட்களுக்குப் பங்களாக்கள் போட்டுக் கொடுப்பது என்று அப்போது முடிவானதை அவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பங்களா என்றால் குடில் என்று விளக்கமும் அதிலேயே இருக்கிறது. ஆங்கில எழுத்தில் இந்தச் சொல் தலைகாட்டிய மிகப் பழைய இடங்களில் அது ஒன்று.

இந்த மாஸ்டர் நமக்கும் தெரிந்தவர்தான். 1678 முதல் 1681 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தலைவராக இருந்தவர் அவர். கோட்டைக்குள் 1680-ல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயம் அவர் காலத்தில் கட்டியதே.

குடிசையில் தங்கிய துரைமார் நாளடைவில் அதைத் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டார்கள். மேடையை உயர்த்தினார்கள். முன்பக்கம் மட்டும் இருந்த தாவாவை நாலு பக்கமும் சுற்றவிட்டு வராந்தா ஆக்கினார்கள். மூலைகளை அடைத்துக் குளியலறை வைத்தார்கள். சுற்றிலும் காலி இடம் விட்டுக் காம்பவுண்டு போட்டார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. பங்களா பங்களாவாகவே இருந்தது.

படகேறிய பங்களா

அந்நாளில் ரயில் கிடையாது. சாலைகளும் மோசம். கல்கத்தாவிலிருந்து வடக்கே போக வேண்டிய அதிகாரிகள் "பஜ்ரா" என்னும் பெரிய படகில் ஏறிக் கங்கையில் மாதக்கணக்கில் பயணம் செய்தார்கள். காற்று இல்லாதபோது படகுக்காரர்கள் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார்கள். 1834-ல் கல்கத்தாவிலிருந்து அலகாபாத்துக்கு நீராவிப் படகு ஓடத் தொடங்கியது.

படகு நின்ற இடங்களில் எல்லாம் பங்களா முளைத்தது. ஹூக்ளிக் கரையில் பாரக்பூர், பாட்னா அருகே தானாப்பூர், பிறகு அலகாபாத், கான்பூர். ராணுவ முகாம்கள் எல்லாம் கங்கைக் கரையில் வரிசையாக இருப்பதை வரைபடத்தில் பார்க்கலாம். முகாம் வந்தால் பங்களா வரிசை வரும். அங்கிருந்து கிளைச் சாலைகளில் தபால் குதிரைகள் நிற்கும் இடங்களில் "டாக் பங்களா" வந்தது. சர்க்கார் அதிகாரிகள் தங்க டிராவலர்ஸ் பங்களா வந்தது.

1854-ல் ஹவுராவிலிருந்து ரயில் புறப்பட்டது. ஆற்றின் வேலையை ரயில் எடுத்துக்கொண்டது. பங்களாவும் ரயிலேறியது. ரயில்வே காலனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு மீதிக் கதை தெரியும். ஆபீசருக்குப் பங்களா, தொழிலாளிக்கு ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ்! படகுக்காரன் தங்குவதற்காகப் போட்ட குடிசையின் பெயர், இருநூறு ஆண்டுகளில் அதிகாரியின் அந்தஸ்துக்கு அடையாளமாகிவிட்டது.

அப்புறம் கப்பலேறியது. 1869, 1870 வாக்கில் இங்கிலாந்தின் கெண்ட் கடற்கரையில் பங்களா என்ற பெயரிலேயே வீடுகள் எழுந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தெருத் தெருவாகப் பங்களா கட்டினார்கள்.

அசாமில் கால் முளைத்த வீடு

வங்காளத்திற்கு மேலே பிரம்மபுத்திரா ஓடும் அசாமிலும் இதே போன்ற கதை நடந்தது. இன்று அருணாசலப் பிரதேசமாக உள்ள மலைப்பகுதியிலிருந்து மிசிங் இன மக்கள் ஆறுகளை ஒட்டியே கீழே இறங்கிச் சமவெளிக்கு வந்தார்கள். வரும்போது தங்கள் வீட்டையும் மனத்தில் சுமந்து வந்தார்கள். "சாங் கர்" என்பது அதன் பெயர். மூங்கில் கால்களின் மேல் பரண் கட்டி, பரண் மேல் வீடு. மலைச்சரிவில் தரை மேடு பள்ளமாக இருப்பதற்கு ஏற்ற வீடு அது. ஆற்றங்கரைக்கு வந்தபோது வெள்ளத்திற்கும் ஏற்றதாக அமைந்துவிட்டது!

வீட்டுக்குக் கீழே தறி, கோழி, பன்றி எல்லாம் இருக்கும். வெள்ளம் வந்தால் தண்ணீர் கால்களுக்கு நடுவே புகுந்து போய்விடும். போன வெள்ளம் எவ்வளவு ஏறியதோ, அதைப் பார்த்து அடுத்த முறை பரணை உயர்த்திக்கொள்வார்கள்.

தேயிலைத் தோட்டம் போட வந்த வெள்ளைக்காரர்களும் இந்தப் பாணியைப் பிடித்துக்கொண்டார்கள். தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய தோட்டத் துரை வீடுகளுக்கு "சாங் பங்களா" என்று பெயர். பெயரின் ஒரு பாதி பிரம்மபுத்திரா தந்தது. மறு பாதி கங்கை தந்தது.

பங்களா பிறந்த மண்ணில் இன்று

வீட்டைக் கொடுத்த ஆறு வீட்டை எடுத்துக்கொள்வதும் உண்டு. பிரம்மபுத்திராவின் நடுவே மஜூலி என்று ஒரு பெரிய தீவு இருக்கிறது. 2016-ல் அது தனி மாவட்டமாயிற்று. அந்தத் தீவின் நிலத்தில் பாதிக்கு மேல் ஆறு கரைத்துவிட்டது. மிசிங் மக்களின் சாங் வீடு வெள்ளத்தைத் தாங்கும். கரையே இடிந்து விழுந்தால் எந்த வீடுதான் தாங்கும்?

கங்கையிலும் அப்படியே. கல்கத்தா துறைமுகத்தில் வண்டல் சேராமல் இருக்க, ஹூக்ளிக்குத் தண்ணீர் திருப்ப வேண்டும் என்று ஃபராக்கா அணையைக் கட்டி 1975-ல் திறந்தார்கள். 2 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அணை அது. இதனால் மால்டாவுக்கும் முர்ஷிதாபாத்துக்கும் ஆபத்து வரும் என்று கபில் பட்டாச்சார்யா என்ற பொறியாளர் முன்கூட்டியே எச்சரித்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. அணைக்கு மேலே வண்டல் தேங்கியது. ஆறு பக்கவாட்டில் கரையை அறுத்துக்கொண்டே போகிறது என்பது நிபுணர்கள் பலர் சொல்லும் காரணம். மேல்புறம் மால்டா மாவட்டத்திலும் கீழ்புறம் முர்ஷிதாபாத் மாவட்டத்திலும் கிராமங்கள், பள்ளிக்கூடங்கள், மாந்தோப்புகள் என்று எத்தனையோ ஆற்றில் போய்விட்டன.

கரை வெடிப்பது தெரிந்ததும் ஜனங்கள் தங்கள் வீட்டைத் தாங்களே இடிக்கிறார்கள். தகரத்தைக் கழற்றி, கதவு ஜன்னலைப் பெயர்த்து, செங்கல்லை ஒவ்வொன்றாக எண்ணி வண்டியிலும் படகிலும் ஏற்றுகிறார்கள். கிடைத்த இடத்தில் மறுபடி கட்டுகிறார்கள். நாலைந்து முறை இப்படி வீடு மாற்றிய குடும்பங்களும் உண்டு. பிட்டேயை மட்டும் படகில் ஏற்ற முடிவதில்லை.

செங்கல்லில் குடிசை செய்த ஃபத்தே கான் கல்லறை நிற்பதும் இதே மால்டா மாவட்டம்தான். அதற்கு உருவம் தந்தவர்களின் மண்ணில்தான் இன்று வீடு நிலைக்கவில்லை.

இந்த இரண்டு மாவட்டங்களிலிருந்தும் ஏராளமானவர்கள் பிழைப்புத் தேடி வெளி மாநிலங்களுக்குப் போகிறார்கள். பெங்களூரிலும் மும்பையிலும் கேரளத்திலும், ஏன் நம் சென்னையிலும்கூட, அடுக்குமாடிக் கட்டடம் எழும் இடங்களில் சாரத்தின் மேல் நிற்பவர்களில் மால்டாக்காரர்களும் முர்ஷிதாபாத்காரர்களும் பலர். எல்லோரும் ஆறு துரத்தி வந்தவர்கள் அல்ல. வேலை தேடி வந்தவர்களும் உண்டு. ஆனாலும் சிமெண்ட் குழைத்து மற்றவர்களுக்குப் பங்களா கட்டிவிட்டு, இரவில் தகரக் கொட்டகையில் படுத்துத் தூங்குவதில் அவர்களுக்குள் வித்தியாசம் இல்லை.

ஊரை விட்டு வந்து பிழைக்கும் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் கேட்பது ஊர்ப் பெயரைத்தான். தமிழர் "சொந்த ஊர் எது?" என்பார். வங்காளி "தேஷேர் பாரி" எங்கே என்பார். ஊரில் உள்ள வீடு எங்கே என்று அர்த்தம். நம்மவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு தெருவாவது இருக்கிறது. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ போய்ப் பார்க்க ஒரு திண்ணை இருக்கிறது.

மால்டாவிலிருந்து வந்த கொத்தனார் சிலர் அந்தக் கேள்விக்குக் காட்ட வேண்டிய இடத்தில் இன்று கங்கை ஓடிக்கொண்டிருக்கிறது.